ஸ்லாவிய, பால்கன் ஆய்வுப் பள்ளிகளும் அவற்றின் அளவுகோல்களும்

ஸ்லாவிய மொழி ஆய்வுக்கு முதல் பெரும் சோதனை அது தவழத் தொடங்கிய காலத்திலேயே வந்துவிட்டது. 1817இல் பொஹீமியாவின் த்வூர் க்ராலோவே என்ற ஊரின் தேவாலயத்தில் பழைய செக் மொழிக் கவிதைகள் எழுதிய தோல் ஏடுகளைக் கண்டெடுத்ததாக வாத்ஸ்லாவ் ஹாங்கா என்ற இளைஞர் அறிவித்தார். அடுத்த ஆண்டு இன்னும் பழமையானது என்று சொல்லத்தக்க மற்றொரு சுவடி, அனுப்பியவர் பெயர் இல்லாமல், பிராக் நகரில் அருங்காட்சியகம் அமைக்க முன்னின்ற பிரபு ஒருவரிடம் வந்து சேர்ந்தது. ஜெர்மன் மொழியின் ஆதிக்கத்தில் தம் மொழி தேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த செக் மக்கள் இவற்றைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள்.

அன்று அத்துறையில் மூத்தவர் யோசெஃப் தோப்ரோவ்ஸ்கி. பழஞ்ஸ்லாவிய மொழிக்கு 1822இல் வியன்னாவில் விரிவான இலக்கணம் வெளியிட்டவர். ஹாங்கா அவரிடமே பாடம் கேட்ட மாணவர். முதல் சுவடியை மெய்யென்று ஏற்ற தோப்ரோவ்ஸ்கி இரண்டாவதைப் பார்த்ததும் போலி என்றார். 1824இல் அதை அச்சிலும் எழுதினார். தேசப்பற்று அற்றவர், ஜெர்மானியர் பக்கம் சாய்ந்தவர் என்று அவரை ஏசினார்கள். அவர் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் ஐயுறாது ஏற்ற முதல் சுவடியும் போலிதான் என்பது அவர் மறைந்து பல்லாண்டு கழித்தே நிலைநாட்டப்பட்டது.

அதைச் செய்தவர்களில் முதன்மையானவர் யான் கெபாவர். அவரும் அந்தச் சுவடிகளை நம்பி வளர்ந்தவர்தான். ஆனால் பழஞ்செக் இலக்கணம் எழுத உட்கார்ந்தபோது இவ்விரண்டில் வரும் சொல்வடிவங்கள் மற்ற எந்தப் பழைய நூலோடும் ஒத்துவரவில்லை என்று கண்டார். வடிவங்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துக் காட்டி 1886இல் ‘அதெனேயும்’ இதழில் எழுதினார். இதழை நடத்தியவர் மசாரிக். பின்னாளில் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவரான அதே மசாரிக். நாளேடுகள் இருவரையும் துரோகிகள் என்றன. பொய்யின்மேல் நாட்டின் பெருமையை நிறுத்தக் கூடாது என்பது அவர்கள் கட்சி. அந்த விவாதத்துக்கு மண்டபமும் மேடையும் இல்லை. ஆனால் ஸ்லாவிய ஆய்வரங்கு மரபின் முதல் அமர்வு அதுதான் என்று நான் கருதுகிறேன். சான்று எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும், ஆசிரியரின் தீர்ப்பை மாணவர் மறுக்க இடம் வேண்டும், முடிவு நம் மனத்துக்கு உகந்ததா என்று பார்க்கக் கூடாது என்ற மூன்று அளவுகோல்களும் அங்கே வந்துவிட்டன. பின்னால் தோன்றிய பள்ளிகளை இவற்றைக் கொண்டே எடைபோடலாம்.

அந்தப் பள்ளிகளில் வியன்னாவுக்கு முதலிடம். அங்கே அரசவை நூலகத்தில் பணிபுரிந்த ஸ்லொவேனியர் கோபிதார், செர்பியாவிலிருந்து தப்பிவந்த வூக் கராஜிச்சை ஊக்கி, மக்கள் பேச்சின் அடிப்படையில் 1818இல் செர்பிய அகராதியை வெளிவரச் செய்தார். 1849இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழியியலுக்கு இருக்கை ஏற்பட்டது. மிக்லோஷிச் அதில் அமர்ந்து ஸ்லாவிய மொழிகளின் ஒப்பிலக்கணத்தை நான்கு தொகுதிகளாக எழுதினார். அவரை அடுத்து 1886இல் வந்தவர் குரோவாசியரான வத்ரோஸ்லாவ் யாகிச். ஒதேசா, பெர்லின், பீட்டர்ஸ்பர்க் என்று ஊர் ஊராகக் கற்பித்துவிட்டு வியன்னாவுக்கு வந்தவர். அவருடைய ஆய்வு வகுப்பில் செர்பியர், குரோவாசியர், செக்கர், போலந்தியர், உக்ரைனியர் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். அவர் 1875இல் தொடங்கிய ஸ்லாவிய மொழியியல் ஏடு ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. எந்த ஸ்லாவிய மொழியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் மற்றவர்கள் மனம் ஒப்பியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

யாகிச்சின் தரம் என்ன என்று அறிய அவர் 1883இல் பதிப்பித்த மரியானுஸ் சுவடியைப் பார்த்தால் போதும். ஆத்தோஸ் மலையிலிருந்து கிடைத்த பழைய நற்செய்திச் சுவடி அது. மூலத்தை முழுமையாகத் தந்து, பிற பழைய சுவடிகளின் பாடபேதங்களை அடியில் காட்டி, சொல்லடைவும் சேர்த்தார். பதிப்பாசிரியரின் முடிவை ஏற்காதவர் தாமே வேறு முடிவுக்கு வருவதற்கு வேண்டிய எல்லாம் அந்த நூலுக்குள்ளேயே கிடக்கிறது. உக்ரைனியக் கவிஞர் இவான் ஃப்ராங்கோ 1893இல் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் பர்லாம், யோசபாத் கதை. நம் புத்தரின் வரலாறு மேற்கே நடந்து நடந்து கிறித்தவப் புனிதர் ஒருவரின் கதையாக மாறிய அதே கதை!

லைப்சிக்கில் லெஸ்கீன் 1871இல் எழுதிய பழஞ்ஸ்லாவியக் கைநூல் தலைமுறை தலைமுறையாகப் பாடநூலாக இருந்தது. ஒலி மாற்ற விதிக்கு விலக்கு இல்லை என்ற கறாரான கொள்கை அவருடையது. கசான் பள்ளியை நடத்தியவர் போதுவான் த கூர்த்தெனே. மாஸ்கோவில் ஃபொர்த்துனாத்தோவ் அச்சில் எழுதியது குறைவு. ஆனால் ஷாஹ்மத்தோவ், பெலிச் போன்றவர்களை உருவாக்கினார். அப்பள்ளி நூல்களைவிட வகுப்பறையிலேயே வாழ்ந்தது.

பிராக் பள்ளி வேறு வகை. 1926 அக்டோபரில் செக் அறிஞர் மத்தேசியுஸின் அறையில் கூடிய ஒரு சிறு குழு பிராக் மொழியியல் வட்டம் ஆயிற்று. செக்கர்களோடு, புரட்சிக்குப் பின் ரஷ்யாவை விட்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். ரோமன் யாகப்ஸன் பிராகிலேயே வாழ்ந்தார், த்ருபெத்ஸ்கோய் வியன்னாவிலிருந்து எழுதியும் வந்தும் கலந்துகொண்டார். 1929இல் முதல் உலக ஸ்லாவிய அறிஞர் மாநாடு பிராகில் கூடியபோது, வட்டத்தினர் தம் கொள்கைகளைக் கூட்டறிக்கையாக முன்வைத்தார்கள். ஒருவர் பெயரில் அல்ல, எல்லார் பெயரிலும்.

பால்கன் ஆய்வுக்கு அதன் கோட்பாட்டைத் தந்தவரும் த்ருபெத்ஸ்கோய்தான். பல்கேரியமும் மாசிடோனியமும் ஸ்லாவிய மொழிகள். ருமேனியம் இலத்தீன் வழி வந்தது. அல்பேனியமும் கிரேக்கமும் தனித்தனிக் கிளைகள். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததால் இவற்றின் இலக்கணம் ஒன்றையொன்று போலாகிவிட்டது. பல்கேரியம், மாசிடோனியம், ருமேனியம், அல்பேனியம் நான்கிலும் பெயரைக் குறிப்பிட்டுச் சுட்டும் உறுப்பு பெயருக்குப் பின்னால் ஒட்டாக வருகிறது. ரஷ்யத்துக்கு அப்படி ஒன்றே கிடையாது. நம் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சத்துக்கு நிகரான வினைவடிவம் இப்பகுதியில் மங்கிப்போய், ‘போக வேண்டும்’ என்பதற்கு ஈடாக ‘நான் போகும்படி வேண்டுகிறேன்’ என்ற அமைப்பு நிலைத்துவிட்டது. எதிர்காலத்தைக் குறிக்க ‘விரும்பு’ என்ற பொருளுள்ள வினையே தேய்ந்து துணைச்சொல்லாகிவிட்டது. கோபிதார் 1829இலேயே இதைக் கண்டு வியந்திருந்தார். டென்மார்க்கின் சான்ஃபெல்ட் 1926இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். 1928இல் ஹேக் நகரில் நடந்த மொழியியலாளர் மாநாட்டில், பிறப்பால் வேறான மொழிகள் உறவாடி ஒருமைப்படும் இத்தகைய கூட்டத்துக்குத் தனிப் பெயரும் வரையறையும் தந்தார் த்ருபெத்ஸ்கோய்.

அந்தக் கருத்து நம் நாட்டுக்கும் வந்தது. நீலகிரியில் தோடர்களோடு இருந்து அவர்கள் மொழியை ஆராய்ந்த எமனோ, 1956இல் இந்தியா முழுவதையும் ஒரே மொழிப்பரப்பாகக் காணும் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். திராவிட மொழிகளும் இந்தோ ஆரிய மொழிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று இலக்கணக் கூறுகளை வாங்கிக்கொண்டதை அதில் காட்டினார். அவர் பயன்படுத்திய கருவி த்ருபெத்ஸ்கோய் தந்தது.

பால்கன் மண்ணிலிருந்து தமிழுக்கு வந்த இன்னொரு கொடை இதனினும் பெரிது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஸ்லொவேனியரான மத்தியா முர்கோ பொஸ்னியாவிலும் ஹெர்செகோவினாவிலும் ஊர் ஊராகச் சென்று வீரகாவியம் பாடுவோரைக் கேட்டு எழுதிவந்தார். அவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். ‘குஸ்லே’ என்ற ஒற்றைத் தந்தி இசைக்கருவியை இழைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான அடிகளைப் பாடக்கூடியவர்கள். 1928இல் பாரிசில் முர்கோவின் உரைகள் நடந்தன. அதே ஆண்டு அங்கே மில்மன் பாரி என்ற அமெரிக்க இளைஞர் ஹோமரின் தொடர்கள் மரபாக வந்த வாய்பாடுகள் என்று ஆய்வேடு முன்வைத்தார். முர்கோவும் அவையில் இருந்தார். ஹோமரைப் பற்றித் தாளில் நிறுவியதை உயிருள்ள பாடகர்களிடம் சோதிக்கலாம் என்ற எண்ணம் பாரிக்கு வளர்ந்தது. 1933இலும், மீண்டும் 1934–35இலும் அவர் யூகோஸ்லாவியா சென்றார். இரண்டாம் பயணத்தில் மாணவர் ஆல்பர்ட் லார்ட் துணைக்குச் சென்றார். ஹெர்செகோவினாவைச் சேர்ந்தவரும் தாமே பாடகருமான நிக்கோலா வுய்னோவிச் பாடகர்களைப் பேட்டி கண்டார். அலுமினியத் தட்டுகளில் பாட்டைப் பதித்தார்கள். மூவாயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட தட்டுகள் ஹார்வர்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

பியெலோ போல்யே ஊரில் அவர்கள் செய்த சோதனை ஒன்று உண்டு. அவ்தோ மெஜெதோவிச் அப்பகுதியின் பெரும் பாடகர். அவர் பாடிய ஒரு காவியம் மட்டும் பன்னீராயிரம் அடிகளுக்கு மேல். முமின் வ்லாஹோவ்ல்யாக் என்ற மற்றொரு பாடகரை, அவ்தோ அதுவரை கேட்டிராத ஒரு கதையைப் பாடச் செய்தார் பாரி. அவ்தோ உட்கார்ந்து கேட்டார். பாட்டு 2,294 அடிகளில் முடிந்தது. இதை நீங்கள் பாட முடியுமா என்று பாரி அவ்தோவைக் கேட்டார். ஒரே முறை கேட்ட அந்தக் கதையை அவ்தோ 6,313 அடிகளில் பாடினார். கதை மாறவில்லை, பாத்திரங்களின் உள்ளமும் உடையும் குதிரையும் வழியும் விரிந்தன. மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் கலை அல்ல இது, பாடும்போதே பிறக்கும் கலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து எந்த ஆய்வரங்கிலும் வைக்கப்பட்டதில்லை. சந்தேகப்படுகிறவர் தட்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

பாரி 1935 முடிவதற்குள் இறந்துவிட்டார். லார்ட் பணியைத் தொடர்ந்து, 1960இல் கதைப்பாடகர்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். இசைமேதை பேலா பார்த்தோக் அத்தட்டுகளிலிருந்து பாடல்களை இசைக்குறிப்பாக எழுதினார். யாழ்ப்பாணத்துக் கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தபோது பாரி, லார்ட் வழியைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார். 1968இல் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த அவர் நூல் அதன் விளைவு. அவர் முடிவுகளை மறுத்தவர்கள் உண்டு. மறுப்பு இன்றும் தொடர்கிறது. ஆனால் பாணரும் பொருநரும் பாடிய பாட்டின் ஆக்கமுறை பற்றி நம்மவர் இன்று கேட்கும் கேள்விகளில் பாதி, பொஸ்னியக் காப்பிக்கடைகளில் குஸ்லே இழைத்தவர்கள் வழியாக வந்தவை.

இந்த மரபுக்கு இருண்ட காலமும் உண்டு. 1933–34இல் சோவியத் அரசு, இல்லாத ஓர் அமைப்பைக் காட்டி ஸ்லாவிய அறிஞர்களைக் கைது செய்தது. நிகொலாய் துர்னவோவும் கிரிகோரி இலியின்ஸ்கியும் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெளிநாட்டு அறிஞர்களோடு அவர்கள் வைத்திருந்த தொடர்பே குற்றமாயிற்று. வியன்னாவில் நாஜிக் காவலர்கள் வீட்டைச் சோதனையிட்ட சில வாரங்களில், 1938இல், த்ருபெத்ஸ்கோய் இறந்தார். 1939இல் பெல்கிரேடில் கூடவிருந்த மூன்றாம் ஸ்லாவிய மாநாடு போரால் நடக்கவில்லை. 1941 ஏப்ரல் 6இல் ஜெர்மன் குண்டுவீச்சில் செர்பியத் தேசிய நூலகம் இடைக்காலச் சுவடிகளோடு எரிந்தது. அடுத்த மாநாடு கூட 1958 ஆயிற்று, அதுவும் மாஸ்கோவில். 1968 ஆகஸ்டில் பிராகில் நடந்த மாநாடு முடிந்த அடுத்த வாரம் நகருக்குள் பீரங்கி வண்டிகள் நுழைந்தன.

ஆளைக் கொல்லாமலேயே ஆய்வைக் கொல்ல முடியும் என்பதை மாஸ்கோவில் நடந்த ஒரு கூட்டம் காட்டுகிறது. ‘இகோர் படையெடுப்பின் பாட்டு’ ரஷ்யர்களுக்கு நம் புறநானூறு போன்றது. 12ஆம் நூற்றாண்டுக் காவியம். ஒரே ஒரு சுவடியே கிடைத்தது, 1800இல் அச்சிட்டார்கள், அந்தச் சுவடி 1812 மாஸ்கோத் தீயில் போயிற்று. எனவே அது மெய்யா போலியா என்ற ஐயம் ஓயவே இல்லை. வரலாற்றறிஞர் அலெக்சாந்தர் சிமின் 1963இல் அது 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்று உரையாற்றினார். மேலிடம் அதிர்ந்தது. நூலைச் சில பிரதிகள் மட்டும் எடுத்து, அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் தந்து, 1964 மே மாதம் மூடிய கதவுக்குள் விவாதம் நடத்தினார்கள். முழு நூல் 2006இல்தான் வெளிவந்தது; சிமின் 1980இலேயே இறந்துவிட்டார். சிமின் முடிவு தவறு என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டம் அவர் முடிவைவிடப் பெரிய தவறு. மூடிய அறையில் வென்ற உண்மையை வெளியே நின்றவர்கள் யாரும் நம்பவில்லை. நாற்பதாண்டு ஐயம் வளர்ந்தது.

அந்த ஐயத்தைத் தீர்த்தவர் மொழியியலாளர் அந்த்ரேய் சலிஸ்னியாக். நொவ்கொரத் நகரில் 1951 முதல் மண்ணுக்கடியில் பூர்ச்ச மரப்பட்டைக் கடிதங்கள் கிடைத்துவருகின்றன; இதுவரை ஆயிரத்துக்கும் மேல். கடன், திருட்டு, திருமணப் பேச்சு, சந்தை விலை என்று சாதாரண மக்கள் கீறி எழுதியவை. முன்பு படித்தவர்கள் புரியாத இடங்களை எழுத்தறிவில்லாதவர் செய்த பிழை என்று ஒதுக்கினார்கள். சலிஸ்னியாக் அவற்றை விதியாக எடுத்துக்கொண்டு படித்தார். 11ஆம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்றில் பூட்டும் கதவும் பற்றி வரும் ஓரிடத்தை, துறவியின் அறைப் பூட்டு, அறைக் கதவு என்று படித்திருந்தார்கள். ரஷ்யத்தில் ‘ச’கர ஒலியாக மாறிய இடத்தில் நொவ்கொரத் பேச்சில் பழைய ‘க’கரமே நின்றது என்று அவர் காட்டியதும், பூட்டும் உடையவில்லை, கதவும் உடையவில்லை என்ற நேரான பொருள் வந்தது. அது திருட்டுப் புகார் பற்றிய கடிதம்! ஸ்லாவிய மொழிகள் எல்லாவற்றிலும் நடந்ததாக நம்பப்பட்ட ஓர் ஒலி மாற்றம் நொவ்கொரதில் நடக்கவே இல்லை என்ற பெரிய உண்மையும் அந்தச் சிறு பட்டையோடு வெளிவந்தது.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டு கிடைத்த பட்டைகளைப் பற்றி அவர் பொதுவுரை நிகழ்த்தினார். பேராசிரியர்களோடு பள்ளிப் பிள்ளைகளும் வந்தார்கள். இடமில்லாமல் நின்று கேட்டார்கள். கரும்பலகையில் எழுத்துகளை எழுதி, எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே போவார். இகோர் பாட்டை 2004இல் அவர் எடுத்து ஆராய்ந்தார். முந்தைய ஆண்டுதான் எட்வர்ட் கீனன் என்ற ஹார்வர்டு அறிஞர், அப்பாட்டைப் புனைந்தவர் தோப்ரோவ்ஸ்கியே என்று எழுதியிருந்தார். ஆம், போலிச் சுவடியை அடையாளம் காட்டிய அதே தோப்ரோவ்ஸ்கி. சலிஸ்னியாக் தேசப் பெருமையைத் தொடவே இல்லை. தனித்து நிற்காத சிறு ஒட்டுச்சொற்கள் வாக்கியத்தில் எங்கே அமர்கின்றன என்று எண்ணிப் பார்த்தார். 12ஆம் நூற்றாண்டின் நுண்ணிய விதிகளை அப்பாட்டு அப்படியே பின்பற்றுகிறது; அவ்விதிகளை அறிஞர்கள் கண்டறிந்ததோ மிகப் பிற்காலத்தில். 18ஆம் நூற்றாண்டில் யாரும் அறிந்திராத இலக்கணத்தை ஒருவர் பிசகாமல் போலி செய்திருக்க முடியாது. கெபாவர் எந்த முறையால் போலியை வீழ்த்தினாரோ அதே முறையால் சலிஸ்னியாக் மெய்யைக் காத்தார்.

இன்றைய ஆய்வரங்குகளைப் பற்றிச் சில சொற்கள். பால்கன் நாடுகளில் 1960களில் நிறுவனங்கள் பெருகின. 1966இல் சோஃபியாவில் முதல் உலகப் பால்கன் ஆய்வு மாநாடு நடந்தது. கெடுபிடிப் போரின் நடுவில் கிரேக்கரும் துருக்கியரும் பல்கேரியரும் ருமேனியரும் ஒரே அவையில் பேசியது சிறிய செய்தி அல்ல. பல்கேரியாவின் சோஃபியாவிலும் மாசிடோனியாவின் ஒஹ்ரித் ஏரிக்கரையிலும் கோடைப் பயிலரங்குகள் வேரூன்றின. மாசிடோனியம் தனிமொழியா என்ற வழக்கில் இவ்விரண்டு ஊர்களும் எதிரெதிர்க் கட்சி. இருந்தும் இரண்டிலும் பயின்று தாமே முடிவு கண்ட வெளிநாட்டு மாணவர்கள் பலர். அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகம் 1973 முதல் கோடையில் ஆய்வாளர்களை வரவழைத்துத் தன் ஸ்லாவிய நூலகத்தைத் திறந்துவிடுகிறது. நூலகர் ஆய்வாளரின் கேள்வியைத் தம் கேள்வியாக எடுத்துக்கொண்டு தேடித் தருவது அங்கே வழக்கம்.

ஒஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தின் ஹிலந்தர் நூலகம் தனித்துச் சொல்லத்தக்கது. ஆத்தோஸ் மலையில் உள்ள செர்பிய மடமான ஹிலந்தரின் சுவடிகளை 1970களில் நுண்படமாக எடுத்து அங்கே வைத்தார்கள். ஆத்தோஸ் மலையில் பெண்கள் கால் வைக்கக் கூடாது. ஒஹையோவிலோ அச்சுவடிகள் பெண் ஆய்வாளர்களுக்கும் திறந்தன. அங்கு நடக்கும் கோடைப் பயிலரங்கில் பழஞ்ஸ்லாவிய மூலத்தைப் படிக்கவும் சிரிலிக் கையெழுத்தின் காலத்தைக் கணிக்கவும் சுவடிப் படங்களை முன்னால் வைத்தே பழக்குகிறார்கள். 2004இல் ஹிலந்தர் மடத்தில் பெருந்தீ பிடித்துக் கட்டடங்கள் பல அழிந்தன, சுவடிகள் தப்பின. 1992இல் சரயேவோ கீழைத்தேய நிறுவனத்தின் 5,263 சுவடிகளுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. பெரும்பாலானவற்றுக்குப் படமும் இல்லை.

பால்டிக், ஸ்லாவிய மொழிகளின் சொல்லழுத்தம் பற்றி 2005இல் சாக்ரெபில் தொடங்கிய பயிலரங்குத் தொடரையும் குறிப்பிடுவேன். இத்துறையில் மாஸ்கோப் பள்ளியும் லெய்டன் பள்ளியும் ஒத்துப்போவதே அரிது. ஒருவர் விதி என்பதை மற்றவர் விலக்கு என்பார். ஆனால் இரு தரப்பும் குரோவாசியத் தீவுகளின் பேச்சையும் லிதுவேனியச் சொற்களையும் நடுவில் வைத்துக்கொண்டு வாதிடுகின்றன. ஊரும் சொல்லும் அழுத்தமும் குறித்த பட்டியல் இல்லாமல் அங்கே எவரும் கருத்துச் சொல்வதில்லை.

நம் பல்கலைக்கழகங்களில் கருத்தரங்கு நடத்துவோரிடம் இந்த மலரின் வழியே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஐம்பது கட்டுரைகளைப் பத்துப் பத்து நிமிடத்தில் படித்துச் சான்றிதழ் வழங்கும் இரண்டு நாளில் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஒரே ஒரு சுவடியின் படத்தையோ, ஒரு கூத்துப் பாட்டின் ஒலிப்பதிவையோ வருகிறவர்களுக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிவையுங்கள். அன்று முழுவதும் அதை மட்டும் படியுங்கள், கேளுங்கள். முதலாண்டு மாணவர் எழுந்து ‘ஐயா, இந்த எழுத்து அப்படி இல்லை’ என்றால் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்க்கட்டும். நடந்த விவாதத்தை, தோற்ற வாதங்களையும் சேர்த்து, அடுத்த மலரில் அச்சிடுங்கள்.